பூவுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்: கலியாணச் சோடனை பற்றி ஓர் எளிய விளக்கம்

"அக்கா, இதே மாதிரி வேணும்."

கலியாணச் சோடனைக்கு ஆள் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வசனத்தோடும் தொலைபேசியில் ஒரு படத்தோடும்தான் வருவார்கள். படம் ரொறன்ரோவிலோ சென்னையிலோ குளிரூட்டிய மண்டபம் ஒன்றில் எடுத்ததாக இருக்கும். கலியாணமோ புதுக்குடியிருப்பில், ஆனி மாதத்தில், வீட்டு முற்றத்துப் பந்தலில், பகல் 11.30 முகூர்த்தம். படத்தில் உள்ள பூவை எப்படியோ கொண்டுவந்து வைத்தாலும் தாலி கட்டும் நேரத்தில் அது தலை தொங்கி நிற்கும். பிறகு "பூ சரியில்லை", "சோடனைக்காரர் பழைய பூ வைத்துவிட்டார்கள்" என்று கதை போகும். பூவில் பிழை இருக்காது. அந்த இடத்துக்கு அந்தப் பூ பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பூ வடிவமைப்பு என்ற சொல் இப்போது எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. நிறம் தெரிவதும் நிறையப் பூ அடுக்குவதும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். எந்தப் பூ, எந்த இடத்தில், எத்தனை மணி நேரம், யார் உடம்பில் அல்லது யார் கண்முன்னே இருக்கப்போகிறது என்று கணக்குப் பார்த்துத் திட்டமிடுவதுதான் வடிவமைப்பு. அழகு அந்தக் கணக்குக்குப் பிறகு வருவது.

வன்னியில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது லேசு. சிறுபோகம் விதைக்கும் முன் என்ன செய்கிறோம்? கூட்டம் கூடி, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்பத்தானே எத்தனை ஏக்கர் என்று முடிவெடுக்கிறோம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைவாக இருக்கும் வருடத்தில் போன வருடத்து வயலின் படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்று யாரும் கேட்பதில்லை. பூவிலும் முதலில் பார்க்கவேண்டியது தண்ணீர்க் கணக்கு.

## பறித்த பூ செத்த பூ அல்ல

செடியிலிருந்து வெட்டிய பின்னும் பூ உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, தண்ணீரை வெளியே விடுகிறது, கிடைத்தால் குடிக்கவும் செய்கிறது. ஈரச்சீலையைக் கொடியில் போட்டால் எப்படிக் காய்கிறதோ அப்படியே இலையும் இதழும் காற்றுக்குத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆவியுயிர்ப்பு என்று படித்தோமே, அதுதான் இது. வெயில் கூடினால் வேகம் கூடும், காற்று அடித்தால் இன்னும் கூடும். சோளகக் காற்றில் சீலை அரை மணி நேரத்தில் காய்வதைப் பார்த்த கண்ணுக்கு, அதே காற்றில் ரோசா இதழுக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

போகிற தண்ணீருக்கு ஈடாகத் தண்டு கீழிருந்து தண்ணீரை இழுக்கவேண்டும். தண்டுக்குள் மயிரிலும் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன, அவற்றுக்குக் காழ் என்று பெயர். இங்கேதான் தோட்டக்காரர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சங்கதி வருகிறது. நீர்ப்பம்பியின் உறிஞ்சு குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டால் என்ன ஆகும்? இயந்திரம் கத்தும், தண்ணீர் ஏறாது. குழாயைத் தண்ணீரால் நிரப்பிக் காற்றை வெளியேற்றினால்தான் மறுபடி இழுக்கும். தண்டை வெட்டி வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றால், வெட்டுவாய் வழியாகக் காற்றுப் புகுந்து காழை அடைத்துவிடுகிறது. பிறகு வாளி நிறையத் தண்ணீர் வைத்தாலும் பூ குடிக்காது. வாளிக்குள்ளே, தண்ணீருக்கு அடியில் பிடித்தபடி, நுனியில் இரண்டு மூன்று சென்ரிமீற்றரை மறுபடி வெட்டினால் அடைப்பு போய்விடும். சாய்வாக வெட்டவேண்டும், இல்லையென்றால் தண்டின் வாய் வாளியின் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

காற்றைப்போலவே பற்றீரியாவும் அந்தக் குழாயை அடைக்கும். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகள் அழுகினால் அது பெருகும். அதனால் கீழ் இலைகளை உருவிவிட வேண்டும், வாளியைச் சோறு சமைக்கும் பானைபோல் கழுவ வேண்டும். பூ வாளியின் மணம்தான் என் முதல் சோதனை. கெட்ட மணம் வந்தால் அந்த வாளிப் பூவை நான் எடுப்பதில்லை.

கிணற்றுத் தண்ணீரையும் இங்கே சொல்லவேண்டும். வவுனியாப் பக்கக் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டு கூடுதலாக இருப்பது தெரிந்ததே. ஜெர்பரா, கிளாடியோலஸ் போன்ற பூக்களுக்கு அது ஆகாது, இதழ் ஓரம் கருகும். கொதிக்கவைத்தாலும் புளோரைட்டு போகாது. அந்தப் பூக்களுக்கு மழைத்தண்ணீரைச் சேர்த்து வைப்பதே நல்லது.

## குடிக்கிற பூவும் குடிக்காத பூவும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பிரிவை வையுங்கள். கலியாண வீட்டில் இரண்டு வகைப் பூ இருக்கிறது. தண்டோடு தண்ணீரில் நிற்பது ஒன்று, மேசைப் பூ, மணவறையின் இரு பக்கத்துப் பெரிய பூக்கூட்டம் போல. தண்டு இல்லாமல் கட்டப்படுவது மற்றது. மாலை, கொண்டைப் பூ, தொங்கவிடும் சரம் எல்லாம் அதில் அடங்கும்.

முதல் வகை வாய்க்கால் வரத்து உள்ள குளம். இரண்டாவது வகை வரத்து நின்ற குளம். மாலையில் உள்ள ரோசாவுக்கு இதழுக்குள் இருக்கிற தண்ணீர்தான் முழுச் சொத்து. அது வற்றும்வரைதான் அழகு. மேலே தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் வற்றல் குறையும், ஆனால் குளம் நிரம்பாது. அடிக்கடி தெளித்தால் இதழில் புள்ளி விழுந்து அழுகவும் தொடங்கும்.

அப்படியென்றால் மாலையை எப்படிக் காப்பது? குளிர்ச்சிதான் வழி. வெப்பம் 10 பாகை கூடினால் பூவின் மூச்சு, அதாவது சுவாசம், இரண்டு மூன்று மடங்காகிறது. உள்ளே சேமித்த சீனி அவ்வளவு வேகமாக எரிகிறது. 35 பாகை வெக்கையில் ஒரு மணி நேரம் வெளியே கிடக்கும் மாலை, குளிர்ந்த இடத்தில் பல மணி நேரம் இருந்த மாலையைவிடக் கூடுதலாகக் கிழவியாகிவிடுகிறது. ஈரம் பிழிந்த வெள்ளைத் துணியில் சுற்றி, ரிஜிபோம் பெட்டியில் வைத்து, ஐஸ் கட்டியைத் துணிக்கு அப்பால் பூவில் தொடாமல் வைத்துக்கொண்டு போனால் போதும். ஓர்க்கிட், அந்தூரியம் போன்றவை விதிவிலக்கு. அவை வெப்ப நாட்டுப் பிறப்பு, குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் கறுத்துப் போகும்.

இன்னொரு எதிரி கண்ணுக்குத் தெரியாது. வாழைக்குலையைக் குழியில் வைத்துப் புகை போட்டால் ஏன் பழுக்கிறது? புகையில் எதிலீன் என்ற வாயு இருக்கிறது. பழுக்கிற பழமும் அதே வாயுவை விடும். அந்த வாயு காயைப் பார்த்து "பழு" என்கிறது, பூவைப் பார்த்து "உதிர்" என்கிறது. கலியாண வீட்டில் பலகாரமும் வாழைக்குலையும் பூப் பெட்டியும் ஒரே அறையில் பூட்டிவைக்கப்படுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! கார்னேஷனும் ஓர்க்கிட்டும் இதில் முதலில் பலியாகும். செவ்வந்திக்கு அவ்வளவாகப் பாதிப்பில்லை. பூவுக்கு வேறு அறை கேளுங்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பறித்த பூ தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். தண்டு உள்ளதற்குத் தண்ணீர் ஏற வழிவிட வேண்டும், தண்டு இல்லாததைக் குளிர்ச்சியில் வைத்து இழப்பைக் குறைக்க வேண்டும். இரண்டையும் பழுக்கிற பழத்திடமிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

## ஒவ்வொரு பூவுக்கும் ஒரு மணிக்கூடு

மல்லிகை அந்தி நேரத்தில் விரியும். அதனால் பின்னேரத்துக்கு முன் மொட்டாகப் பறித்துக் கட்டினால் இரவு வரவேற்புக்கு மணத்தோடு விரிந்து நிற்கும். காலை முகூர்த்தத்துக்கு அதே மல்லிகை என்றால், முதல்நாள் மொட்டை ஈரத்திலும் குளிரிலும் தூங்கவைக்கத் தெரிந்திருக்கவேண்டும். செவ்வரத்தை ஒருநாள் பூ, கட்டிக் காக்க நினைக்கவே கூடாது. கனகாம்பரத்துக்கு மணம் இல்லை, ஆனால் வெக்கையில் முகம் சுளிக்காமல் நிற்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டும் பழக்கம் நம் அம்மம்மாக்களுக்கு இருந்தது. மல்லிகை மணத்தைக் கொடுக்கும், கனகாம்பரம் நேரத்தைக் கொடுக்கும். அதைவிடத் தேர்ந்த வடிவமைப்பை நான் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை.

குளத்துத் தாமரை பற்றி நிறையக் கேட்கிறார்கள். தாமரை காலையில் விரிந்து பிற்பகலில் கூம்பும் பூ. வெட்டிய மொட்டு வாளியில் தானாக விரிவது அரிது. இதழ்களை ஒன்றொன்றாக உள்ளே மடித்துவிட்டால் வட்டமாக, அடுக்கடுக்காக நிற்கும். ஆனால் விரைவில் ஓரம் கறுக்கும். ஆகவே அன்று காலையில் மடிக்கவேண்டும், மதியத்துக்குள் கலியாணம் முடியவேண்டும். நீல அல்லியும் பின்னேரம் கூம்பிவிடும், இரவு விருந்து மேசைக்கு அதைக் கேட்காதீர்கள்.

ரோசாவும் கார்னேஷனும் பெரும்பாலும் நுவரெலியாப் பக்கத்து மலைக் குளிரில் வளர்ந்தவை. அங்கிருந்து கிளிநொச்சிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். வந்து இறங்கியதும் நேரே கம்பியில் குத்தாமல், தண்டை மறுபடி வெட்டி ஓர் இரவு நிழலில் தண்ணீர் குடிக்கவிட வேண்டும். பயணக் களைப்போடு வந்த விருந்தாளிக்கு முதலில் செம்பில் தண்ணீர் கொடுக்கிறோமே, அது மாதிரி.

எங்கள் மண்ணிலேயே சலிக்காத ஒன்று இருக்கிறது, பச்சை. வளவில் நிற்கிற பாலையின் இலையைத் தொட்டுப் பாருங்கள், தோல்போல் தடிப்பு, மேலே மெழுகுப் பூச்சு. பல மாதம் மழை காணாத காட்டில் தண்ணீரை இழக்காமல் நிற்கப் பழகிய இலை அது. மாவிலையும் அப்படித்தான். குருத்தோலையும் கமுகம் பாளையும் நாள் முழுக்கத் தாங்கும். சோடனையின் உடம்பை இவற்றால் கட்டி, பூவை முகத்தில் மட்டும் வைத்தால் எந்த வெக்கையிலும் மானம் போகாது.

## இடம் என்ன சொல்கிறது

முற்றத்துப் பந்தலில் மேலே தகரம் போட்டிருந்தால் மதியத்தில் அது அடுப்பு. தகரத்தை ஒட்டித் தொங்கும் பூ முதலில் போகும். கீழே துணி கட்டி, அதற்கும் கீழே இரண்டடி விட்டுத் தொங்கவிட வேண்டும். அங்கே ஓலையும் பாளையும் மேலே, பூ கண்மட்டத்தில் என்று பிரித்துக்கொள்வேன்.

மண்டபத்தில் வெயில் இல்லை, ஆனால் மின்விசிறி இருக்கிறது. இலையைச் சுற்றி மெல்லிய ஈரக் காற்று ஒரு போர்வைபோல் நிற்கும். விசிறி அந்தப் போர்வையை உருவிக்கொண்டே இருக்கும். மணமக்களுக்கு வியர்க்கும் என்று மணவறைக்கு நேரே இரண்டு பெரிய விசிறிகளை வைப்பார்கள். பூக்கூட்டத்தைக் காற்று நேரே அடிக்காத பக்கமாக இரண்டடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

கோயிலில் முதலில் ஐயரிடம் கேட்கவேண்டும். சுவாமியை மறைக்கிற எதுவும் கூடாது, ஓமகுண்டத்துக்கு நேர் மேலே எதுவும் தொங்கக்கூடாது. நெய் ஊற்ற எழும் சுவாலைக்கு மேலே காய்ந்த ஓலை இருந்தால் அது அலங்காரப் பிரச்சினையோடு நிற்காது.

தேவாலயத்துக்கு வேறு ஒழுங்கு. கத்தோலிக்கத் திருச்சபையின் விதிப்படி தவக்காலத்தில் பீடத்தைப் பூவால் அலங்கரிக்கக்கூடாது. அந்தக் காலத்தின் நான்காம் ஞாயிறுக்கும் பெருவிழா, விழா நாட்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. திருவருகைக் காலத்தில் அளவோடு வைக்கலாம். மற்ற நாட்களிலும் பூவைப் பீடத்தின் மேல் வைக்காமல் சுற்றியே வைக்கவேண்டும். இது தெரியாமல் முழுச் சோடனையும் ஒழுங்கு செய்துவிட்டு, முதல்நாள் பின்னேரம் பங்குத்தந்தை முன் கையைப் பிசைந்துகொண்டு நின்ற குடும்பங்கள் உண்டு. திகதி குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

## கண்ணுக்கு என்ன தெரியும்

கையை நேரே நீட்டிச் சின்னிவிரலைப் பாருங்கள். அந்த விரலின் அகலம், 60 அடி தூரத்தில் ஏறக்குறைய ஓர் அடியை மறைக்கும். மண்டபத்தின் கடைசி வரிசை அவ்வளவு தூரத்தில் இருந்தால், மணவறையில் குத்திய இரண்டங்குல ரோசா ஒன்று அங்கிருப்பவருக்கு விரலின் ஆறில் ஒரு பங்குதான். தனிப் பூவாக அது தெரியாது, புள்ளியாகத்தான் தெரியும். மணவறைக்கு ஓரடி அகலத் திரளாகப் பூவைச் சேர்க்கவேண்டும். நுணுக்கமான வேலையை மாலைக்கும் மேசைக்கும் வையுங்கள், அங்கேதான் கண் கிட்ட வரும்.

நிறம் வெளிச்சத்தைப் பொறுத்தது. சிவப்பு ரோசா சிவப்பாகத் தெரிவது, விழுகிற வெளிச்சத்தில் உள்ள சிவப்பை அது திருப்பி அனுப்புவதால். மணவறைக்கு நீல லைற் போட்டால் திருப்பி அனுப்பச் சிவப்பே இல்லை, பூ கறுப்பாக நிற்கும். அந்தி வெளிச்சத்திலும் சிவப்புத்தான் முதலில் இருளும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு அறிஞர் புர்க்கினே இதைப் பூக்களைப் பார்த்தே கவனித்தார், அதனால் அந்த விளைவுக்கு அவருடைய பெயரே இருக்கிறது. வெளியிடத்தில் மாலை நேர வரவேற்பு என்றால் வெள்ளையும் இளமஞ்சளும் கடைசிவரை தெரியும்.

கூறைச்சீலையின் அரக்குச் சிவப்புக்குப் பின்னால் சிவப்பு ரோசாச் சுவர் வைத்தால் பெண் காணாமல் போய்விடுவாள். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி சால்வைமேல் வெள்ளை மாலையும் அப்படித்தான். சீலையின் ஒரு துண்டுப் படத்தையாவது பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இடம் பற்றிய சுருக்கம் இவ்வளவுதான்: வெப்பமும் காற்றும் எங்கிருந்து வருகின்றன, அந்த இடத்துக்கு என்ன ஒழுங்கு, கடைசிக் கதிரையில் இருந்து என்ன தெரியும், எந்த வெளிச்சம். இவை தெரியாமல் பூக் கடைக்குப் போகாதீர்கள்.

## பச்சை நுரைக்கட்டி வேண்டுமா?

தண்டுகளைக் குத்தி நிறுத்தும் பச்சை நுரைக்கட்டி 1954இல் அமெரிக்காவில் வந்தது, ஒயாசிஸ் என்ற அதன் வணிகப் பெயராலேயே பலர் அழைக்கிறார்கள். அது பிளாஸ்ரிக். நொறுங்கி நுண்துகளாகும், மண்ணில் உக்காது. பிரித்தானியாவின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடைசெய்துவிட்டது. எங்களுக்கு வாழைத்தண்டு இருக்கிறது. பாதியாகப் பிளந்து கிடத்தினால் பூவை நேரே குத்தலாம், தண்ணீரும் நிறைய வைத்திருக்கும், மறுநாள் மாட்டுக்குப் போடலாம். பெரிய சாடிக்குள் கோழிக்கூட்டுக் கம்பிவலையைச் சுருட்டி வைத்தாலும் தண்டு அசையாது. நான் இவை இரண்டோடும்தான் வேலை செய்கிறேன்.

சாப்பாட்டு மேசைக்கும் கேக்குக்கும் மேலே அலரியையோ கார்த்திகைப்பூவையோ ஒருபோதும் வைக்கவேண்டாம். இரண்டும் நஞ்சு.

## மணமக்கள் யார்?

இதைத்தான் முதலில் கேட்கவேண்டும். கடைசியில் எழுதுகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன எல்லாம் இதற்காகத்தான்.

ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பிள்ளை பியோனிப் பூவின் படத்தைக் காட்டினாள். பியோனி குளிர்காலம் கண்டால்தான் பூக்கும் செடி, இங்கே வளராது. அவளுக்குப் பிடித்தது பூவின் பெயரா, அந்த அடுக்கடுக்கான வட்டமா என்று கேட்டேன். வட்டம்தான் என்றாள். இதழ் மடித்த இளஞ்சிவப்புத் தாமரை வைத்தோம், காலை 9 மணி முகூர்த்தம், 12 மணிக்குள் மேசை எடுத்துவிட்டோம். அவளுடைய தாத்தா வந்து தொட்டுப் பார்த்து, "இது எங்கட குளத்துப் பூவெல்லோ" என்றார்.

எங்கள் ஊர்களில் மணமேடைக்குச் சக்கர நாற்காலியில் வருகிற மாப்பிள்ளை உண்டு, செயற்கைக் காலோடு வருகிற பெண் உண்டு, ஒரு கை இல்லாதவர் உண்டு. சோடனைப் படங்களில் இவர்கள் இல்லை. அதனாலேயே திட்டமிடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். சக்கர நாற்காலி என்றால் மாலை மடியோடு நிற்கவேண்டும், கீழே தொங்கினால் சக்கரத்தில் சிக்கும். நடைபாதையின் இரு பக்கத்துச் சாடிகளுக்கும் இடையே மூன்றடிக்குக் குறையாமல் வழி விடவேண்டும். மணவறைப் படியில் சாய்தளம் வைத்தால் அதன் ஓரத்துக்கும் படிக்குச் செய்த அதே பூ வேலையைச் செய்யுங்கள், பின்பக்க வழிபோல் வெறுமையாக விடாதீர்கள். செயற்கைக் கால் என்றால் தரையில் பூவிதழ் தூவக்கூடாது. ஈர இதழ் சறுக்கும், செயற்கைப் பாதத்துக்கு அந்தச் சறுக்கல் தெரியாது. ஒற்றைக் கையால் மாலை போடவேண்டும் என்றால் கழுத்துப் பகுதிக்குள் மெல்லிய கம்பி வைத்துக் கட்டினால் மாலை வளையமாகவே நிற்கும், ஒரு கையால் தூக்கிப் போடலாம். ரோசாவைக் குறைத்துக் கனகாம்பரமும் நந்தியாவட்டையும் கூட்டினால் பாரமும் குறையும். ஆஸ்துமா உள்ளவரிடம் மல்லிகை மணம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிடுங்கள்.

கணவனை இழந்து மறுபடி கலியாணம் செய்கிற பெண்களுக்கும் மாலை கட்டியிருக்கிறேன். பூ வைப்பதில் ஊருக்கு ஆயிரம் அபிப்பிராயம் இருக்கும். மாமி ஒன்று சொல்வார், அயலில் ஒன்று சொல்வார்கள். நான் அந்தப் பெண்ணைத் தனியாக இருத்தி, "உனக்கு எவ்வளவு பூ வேணும், தங்கச்சி?" என்று கேட்பேன். ஒருத்தி சுற்றவர யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, "நிறைய வேணும் அக்கா" என்றாள். பதினைந்து வருடம் தலையில் பூ வைக்காத பிள்ளை. முகூர்த்தம் 10.40, பந்தல் தகரம், காற்றுக் காலம். மல்லிகை மொட்டை முதல்நாள் நாலு மணிக்குப் பறித்து ஈரத்துணியில் வைத்து, அடுக்குக்கு இடையில் கனகாம்பரம் வைத்துக் கட்டி, அவள் மணவறைக்கு எழும்பும்வரை பெட்டியைத் திறக்கவில்லை. பின்னேரம் நாலு மணிக்குப் படம் எடுக்கும்போதும் பூ வாடவில்லை.